கடைசி நேரத்து எதிர்பாராமைகளும் வீட்டுக் கூட்ட வணிகமும்

(ஜமாஅத் மகளிர் நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



  

வீடுகளில் பெண்களைக் கூட்டி வைத்துப் பொருள்களை விளக்கிக் காட்டி விற்கும் தொழிலில் ஈடுபட்டிருக்கும் எங்களுக்கு, இந்த அவையில் பேசுவதற்கு வாய்ப்பளித்த ஜமாஅத்தாருக்கு முதற்கண் நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறோம். எங்களுள் சிலர் நிறுவனங்களின் பாத்திரங்களையும் அழகுப் பொருள்களையும் விற்கிறோம். சிலர் மொத்தக் கடைகளிலிருந்து சேலை, சுடிதார் துணி, புர்கா ஆகியவற்றை வாங்கி வந்து விற்கிறோம். சிலர் பத்தமடைப் பாயும் வீட்டில் செய்த ஊறுகாயும் கொண்டு செல்கிறோம். பொருள் வெவ்வேறாயினும் முறை ஒன்றுதான். ஒரு வீட்டார் இடம் தருகிறார்கள்; அக்கம்பக்கத்துப் பெண்கள் லுஹருக்குப் பின் வந்து அமர்கிறார்கள்; அஸருக்குள் காட்சியும் விற்பனையும் முடிந்துவிட வேண்டும். இந்த இரண்டு மணி நேரத்தில்தான் எங்களுடைய ஒரு வார வருமானம் அடங்கியிருக்கிறது.

இத்தொழிலில் எப்படி நிறைய விற்பது என்று சொல்லித் தருவோர் பலர் உண்டு. கடைசி நேரத்தில் எதிர்பாராதது நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவோர் மிகக் குறைவு. ஆதலின், அது ஒன்றையே பொருளாக எடுத்துக்கொண்டு சில கருத்துகளை முன்வைக்க விழைகிறோம்.

தொழிலின் தோற்றம்

இம்முறை நம் ஊரில் தோன்றியதன்று. அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் என்னும் நிறுவனம், துடைப்பம், தூரிகை முதலான வீட்டுப் பொருள்களை இல்லங்களில் கூட்டம் கூட்டி விற்கும் முறையைப் பரவச் செய்தது. பின்னர் 1940களில் ஏர்ல் டப்பர் என்பவர் காற்றுப் புகாத மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் பாத்திரங்களை உருவாக்கினார். கடைகளில் அவை எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றுவது என்பதை ஒருவர் செய்து காட்டினாலன்றி வாங்குவோருக்கு அதன் பயன் விளங்கவில்லை என்பதே காரணம்.

அதைச் செய்து காட்டியவர் பிரவுனி வைஸ் என்னும் பெண்மணி. மணமுறிவுக்குப் பின் தம் மகனைத் தனியே வளர்த்து வந்தவர் அவர். ஸ்டான்லி பொருள்களை விற்று அனுபவம் பெற்றிருந்த அவர், கிண்ணத்தில் பழச்சாற்றை நிரப்பி மூடி, கூடத்தின் குறுக்கே தூக்கி எறிந்து, ஒரு சொட்டும் சிந்தாததைக் காட்டுவார். 1951ஆம் ஆண்டு அவருக்கு வரவேண்டிய சரக்குகள் உரிய நேரத்தில் வந்து சேராமையால், நேரே டப்பரையே தொலைபேசியில் அழைத்து முறையிட்டார். அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் அவரை வீட்டுக் கூட்ட விற்பனையின் துணைத் தலைவராக்கியது. கடைகளிலிருந்து பொருள்களைத் திரும்பப் பெற்று, வீடுகளின் வழியாகவே விற்கத் தொடங்கியது. 1954இல் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதற்பெண் என்னும் சிறப்பும் அவருக்குக் கிட்டியது. ஆயினும் 1958இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நிறுவனத்தில் அவருக்குப் பங்கு ஏதும் இருக்கவில்லை. அதே ஆண்டில் டப்பர் அந்நிறுவனத்தை 1 கோடியே 60 இலட்சம் டாலருக்கு விற்றார்.

இந்தியாவில் அந்நிறுவனம் 1996இல் கால் பதித்தது. அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் அது நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பெரிய நிறுவனமும் தடுமாறும். உயர்ந்த பதவியும் ஒரு நாளில் போகும். விற்கும் பெண்ணிடம் எஞ்சி நிற்பது, அவளுடைய சொல்லின் மீது பிறர் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றே.

இழப்பின் கணக்கு

எதிர்பாராமை என்றவுடன் அது மனச்சங்கடம் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கூட்டத்தில் 6,000 ரூபாய்க்கு விற்பனை நடக்கிறது. நூற்றுக்கு 20 வீதம் 1,200 ரூபாய் கிடைக்கிறது. போக வர ஆட்டோவுக்கு 200, தேநீர் பலகாரத்துக்கு 150, இடம் தந்த வீட்டாருக்கு அன்பளிப்பாக 250 ரூபாய் போனால் மீதி 600. இனி, நாம் அந்த வீட்டு வாசலில் போய் இறங்கிய பிறகு கூட்டம் இல்லை என்று தெரிந்தால் ஆட்டோவும் பலகாரமும் சேர்ந்து 350 ரூபாய் நட்டம். இப்படி இரண்டு கூட்டங்கள் கலைந்தால் 700 ரூபாய் கைவிட்டுப் போகிறது. ஒரு நல்ல கூட்டத்தின் வருமானம் அதை ஈடுசெய்யப் போதாது.

சரக்கு வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டும். கைச்செயினையோ காதணியையோ அடகு வைத்து 20,000 ரூபாய் பெற்ற பெண்ணுக்கு, நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 400 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வட்டி நிற்பதில்லை. கணவரை இழந்த பெண்களும், வெளிநாடு சென்ற கணவரிடமிருந்து பணம் வருவது தடைப்பட்ட பெண்களும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக உழைக்கும் தாய்மார்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூட்டம் கலைவது என்பது சிறிய செய்தியன்று.

வீட்டார் மறுத்தல்

மிகுதியாக நேர்வது இதுதான். “லாத்தா, இன்றைக்கு வேண்டாம், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்” என்று முற்பகல் பதினொரு மணிக்குச் செய்தி வரும். அல்லது மாமியாருக்கு உடல்நலமில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரும். இதில் கோபம் கொள்வதற்கு ஏதுமில்லை. இடம் தந்தவர் நமக்கு உதவி செய்தவரே தவிர, கடமைப்பட்டவர் அல்லர். “பரவாயில்லை தங்கச்சி, முதலில் வீட்டு வேலையைப் பார், நாளை நானே கூப்பிடுகிறேன்” என்று மலர்ந்த குரலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் குரலே அடுத்த கூட்டத்துக்கு வழி திறக்கும்.

ஆயினும் இழப்பைக் குறைக்க வழியுண்டு. நாள் குறிக்கும்போது ஒருமுறை, முந்தைய நாள் மாலை ஒருமுறை, அன்று காலை ஒருமுறை என மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். முந்தைய நாளே மறுப்புத் தெரிந்துவிட்டால் ஆட்டோவும் இல்லை, பலகாரமும் இல்லை, நட்டம் சுழி. பலகாரத்தை அன்று காலை உறுதி கிடைத்த பிறகே வாங்க வேண்டும். அதே தெருவில் இடம் தரக்கூடிய மற்றொரு வீட்டாரிடம், “அவசியப்பட்டால் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?” என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நலம். அவர்களையும் திடீரென்று போய் நெருக்கக் கூடாது.

இன்னொன்றும் செய்கிறோம். ஒவ்வொரு கூட்டத்தின் மீதியிலிருந்தும் பத்தில் ஒரு பங்கைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறோம். மேற்சொன்ன கணக்கின்படி அது 60 ரூபாய். ஆறு கூட்டங்களில் 360 ரூபாய் சேர்ந்துவிடும். கலைந்துபோகும் ஒரு கூட்டத்தின் இழப்பை அது தாங்கிக்கொள்ளும். வீட்டுச் செலவுப் பணத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

குறைவாக வருவோரும் கூடுதலாக வருவோரும்

பன்னிரண்டு பேரை அழைத்திருப்போம், மூவர் வந்திருப்பார்கள். முகம் வாடினால் வந்திருக்கும் மூவருக்கும் சங்கடம்; இடம் தந்தவருக்கோ பெரும் அவமானம். “எல்லாரும் எங்கே?” என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. மூவர் மட்டுமே என்றால் மேடைப் பேச்சைப் போல விளக்கம் தரத் தேவையில்லை. கீழே உட்கார்ந்து, பொருளைக் கையில் கொடுத்து, அவரவர் தேவையைக் கேட்டு நிதானமாகப் பேசலாம். பன்னிரண்டு பேர் கூட்டத்தில் கிடைக்காத நெருக்கம் அப்போது கிடைக்கிறது. ஆனால் ஒன்றில் கவனம் தேவை. வராத ஒன்பது பேர் வாங்க வேண்டியதையும் வந்த மூவர் தலையில் கட்டப் பார்ப்பது நேர்மையன்று. தாட்சண்யத்துக்காக வாங்கியவர் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார்.

சில நாள்களில் பன்னிரண்டு பேருக்கு முப்பது பேர் வந்துவிடுவார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த வெளியூர் உறவினர் அனைவரும் சேர்ந்து வருவதுண்டு. அப்போது பலகாரம் போதாது, மாதிரிப் பொருள் போதாது, ஆர்டர் சீட்டும் போதாது. பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் தாள் நோட்டும் இரண்டு பேனாவும் இருந்தால் சீட்டுப் பிரச்சினை தீரும். வந்தோரை இரண்டு வட்டமாக அமர்த்தி, ஒரே விளக்கத்தை இரண்டு முறை சொல்லலாம். கேட்டவர் வரிசையிலேயே பெயரை எழுதி, கையிருப்புத் தீர்ந்தவுடன் “இதற்கு மேல் எழுதியவர்களுக்கு அடுத்த சரக்கில்தான்” என்று வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும். வசதி படைத்தவர் பின்னால் வந்து முன்னால் எழுதச் சொன்னாலும் வரிசையை மாற்றக் கூடாது. அந்தக் கூட்டத்தில் ஏழைப் பெண்ணொருத்தி அமைதியாக உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காட்டும்போது கைவிடும் பொருள்

பொருளைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மூடி திறந்துகொண்டு தண்ணீர் கம்பளத்தில் கொட்டும், மிக்ஸி ஓடாது, துணியை விரித்தால் நடுவில் ஒரு கறை தெரியும். இவ்விடத்தில் மழுப்புவோர் தோற்றுப்போகிறார்கள். “இந்த ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. இதற்கு இன்று ஆர்டர் எழுதப் போவதில்லை, சரிபார்த்த பிறகு சொல்கிறேன்” என்று கூறி அதை ஒதுக்கி வைத்துவிட்டால், மற்றப் பொருள்களைப் பற்றி நாம் சொல்வதைக் கேட்போர் நம்புவார்கள். சிந்திய தண்ணீரை முதலில் நம் கையாலேயே துடைத்துவிட வேண்டும், பேச்சு பிறகு. இடம் தந்தவரின் குழந்தை மாதிரிப் பொருளை உடைத்துவிட்டால், அதற்குரிய விலையை அவர்களிடம் கேட்பதும் முறையன்று. அது தொழிலின் செலவு. டப்பாவில் சேர்த்த பணம் இதற்கும்தான்.

முன்னேற்பாடாக, அன்று காலை ஒவ்வொரு பொருளையும் நம் வீட்டிலேயே ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட வேண்டும். 2012ஆம் ஆண்டு வாக்கில் தமிழகம் முழுவதும் பல மணி நேர மின்வெட்டால் நாம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். இன்று நிலைமை அவ்வாறு இல்லையெனினும், பராமரிப்புக்காகவும் மழைக்காகவும் மின்சாரம் நிற்பதுண்டு. ஆதலின், மின்சாரமின்றிக் காட்டக்கூடிய இரண்டு பொருள்களாவது பையில் இருக்க வேண்டும். துணி விற்போர் நல்ல வெளிச்சம் வரும் சன்னலோரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் விற்ற துணியின் நிறம் மறுநாள் வெயிலில் வேறாகத் தெரிந்தால், சண்டைக்கு நாமே விதை போட்டதாகும்.

சரக்கு வந்து சேராமை

மேலே சொன்ன பிரவுனி வைஸின் சிக்கல் இன்றும் தீரவில்லை. பார்சல் தாமதமாகும், பச்சைக்குப் பதில் நீலம் வரும், பத்துக்குப் பதில் ஏழு வரும். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர் இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார். ஆனால் நிக்காஹ் வீட்டுச் சீர்வரிசைக்காகவோ, விருந்தினருக்குக் கொடுப்பதற்காகவோ சொன்ன பொருளுக்குத் தேதி உண்டு. அத்தேதி நமக்காகக் காத்திராது.

இத்தகைய ஆர்டர்களுக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் முறைகள் மூன்று. முதலாவது, விசேஷ நாளுக்கு ஒரு வாரம் முன்பே நம் கெடுவை வைத்துக்கொள்வது. இரண்டாவது, தாமதம் என்று நமக்குத் தெரிந்த அன்றே அவர்களுக்கும் தெரிவிப்பது. நாளைக்கு வந்துவிடும் என்ற நப்பாசையில் மறைத்து வைக்காமலிருப்பது. மூன்றாவது, முன்பணத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பொருள் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் நாமே சொல்லிவிடுவது. நமக்கு வரவேண்டிய இலாபம் அந்தக் கடைக்குப் போகும்தான். ஆனால் மணமகளின் தாய் கடைசி நாளில் கையைப் பிசைந்து நிற்கும் நிலை வராது. “இவள் சொன்னால் நடக்கும், நடக்காவிட்டால் முன்பே சொல்லிவிடுவாள்” என்ற பெயரை விலை கொடுத்து வாங்க முடியாது.

விலையும் பணமும்

அட்டவணையில் ஒரு விலை இருக்கும். காலையில் நிறுவனத்திலிருந்து வேறு விலை வரும். 2025 செப்டம்பர் 22ஆம் நாள் முதல் சரக்கு சேவை வரி விகிதங்கள் மாற்றப்பட்டபோது, பல பொருள்களின் விலையை ஒரே நாளில் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எழுதிக் கொடுத்த சீட்டின் விலையைப் பின்னர் உயர்த்தக் கூடாது. விலை குறைந்திருந்தால் அக்குறைவு வாங்கியவருக்கே சேர வேண்டும். உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

பணம் செலுத்துவதிலும் எதிர்பாராமை உண்டு. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 8 மணிக்கு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அந்நோட்டுகளே. அடுத்த நாள் கூட்டம் வைத்திருந்த பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். இன்று கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி பெருகியிருந்தும், சிக்னல் கிடைக்காத தருணம் வரத்தான் செய்கிறது. அப்போது வாங்க வந்தவரைப் பலர் முன்னிலையில், “வேறு நம்பரிலிருந்து அனுப்புங்கள்” என்று திரும்பத் திரும்பக் கேட்டு வெட்கப்பட வைக்கலாகாது. நோட்டில் பெயரும் தொகையும் எழுதி, அவரிடமே காட்டி, “இரவு அனுப்புங்கள்” என்று சொல்லிவிடலாம். கடனுக்கோ ஓர் எல்லை வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதைக் கூட்டத்துக்குப் புறப்படும் முன்பே மனத்தில் முடிவு செய்துகொண்டால், அங்கே தடுமாற வேண்டியதில்லை.

கூட்டத்தில் எழும் முறையீடு

விற்பனை சூடு பிடித்திருக்கும் நேரத்தில் ஒரு மாமி எழுந்து, “போன மாதம் உன்னிடம் வாங்கிய துணி ஒரே அலசில் சாயம் போய்விட்டதே!” என்பார். கூடம் அமைதியாகிவிடும். “தனியாகப் பேசிக்கொள்ளலாம் மாமி” என்று அடக்கப் பார்த்தால், மற்றவர்கள் அதற்கு வேறு பொருள் கொள்வார்கள். அனைவரும் கேட்கும்படியே விவரம் கேட்டு, நோட்டில் எழுதி, “வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து துணியைப் பார்க்கிறேன், குறை துணியில் என்றால் மாற்றியோ பணமாகவோ தந்துவிடுகிறேன்” என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த வியாழக்கிழமை தவறாமல் போக வேண்டும். முறையீட்டைக் கேட்டவர்கள் பன்னிரண்டு பேர். அது தீர்ந்ததா என்பதையும் அந்தப் பன்னிரண்டு பேரும் விசாரிப்பார்கள்.

தெருவில் ஒரு மௌத்து

எல்லாம் எடுத்து வைத்துப் புறப்படும் நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மௌத்துச் செய்தி வரும். இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. அந்தத் தெருவில் அன்று கூட்டம் கிடையாது. “ஓரமாக நான்கு பேரை வைத்து முடித்துவிடலாம்” என்று யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் செய்தி சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும். வியாபாரியாக அன்று, அண்டை வீட்டாராக. துக்கத்தின் மூன்று நாளும் பொருள் பையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பதையே நாங்கள் தவிர்த்துவிடுகிறோம். நம் கணக்கில் 600 ரூபாய் குறையும். ஆனால் அந்த வீட்டார் ஆண்டுகள் கழிந்தாலும் அந்த நாளை நினைவில் வைத்திருப்பார்கள்; யார் வந்தார்கள், யார் விற்றார்கள் என்பதையும் நினைவில் வைத்திருப்பார்கள்.

பேரிடர்கள்

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ரமழான் ஏப்ரல் இறுதியில் தொடங்க இருந்தது. பெருநாள் விற்பனைக்கென்று துணி வாங்கி வைத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். வீடு வீடாகச் செல்வதே இயலாமற்போன அந்நாள்களில் சரக்கு பீரோவிலும், கடன் கழுத்திலுமாக இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வீட்டுக்குள் புகுந்த வெள்ளம், தரையில் அடுக்கிய துணிக்கட்டு என்றும் அடகுப் பணம் என்றும் பார்ப்பதில்லை.

இவற்றை யாராலும் தடுக்க இயலாது. ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள் இழப்பைக் குறைக்கும். கையிருப்புச் சரக்கை ஒரு மாத விற்பனையின் அளவுக்கு மிகாமல் வைத்துக்கொள்வது ஒன்று. பெருநாள் ஆசையில் மூன்று மாதச் சரக்கைக் கடனில் வாங்காமலிருப்பது. சரக்கைத் தரையில் வைக்காமல் பரணிலோ உயரமான அலமாரியிலோ பிளாஸ்டிக் உறையிட்டு வைப்பது மற்றொன்று. கடன் நோட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வதும் நல்லது. நோட்டு நனைந்தால் நிலுவையும் கரைந்துவிடும்.

மாதக் கடைசி நெருக்கடி

இனிச் சொல்லப்போவதை இளம் சகோதரிகள் கவனத்துடன் கேட்க வேண்டுகிறோம். சில நிறுவனங்கள் சார்ந்து விற்போருக்கு மாதத்தின் கடைசி இரண்டு நாள்களில் ஓர் அழைப்பு வரும். “இன்னும் 8,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டால் அடுத்த நிலைக்குப் போய்விடலாம், இன்று இரவு 12 மணிக்குள் முடிக்க வேண்டும்” என்பார்கள். விற்காத பொருளை நம் சொந்தப் பணத்தில் வாங்கி வீட்டில் அடுக்குவது விற்பனை ஆகாது. நகை அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் இந்த இரவுகளில்தான். கடைசி நேரத்தில் வருகின்ற எல்லாம் இறைவன் விதித்த சோதனை அல்ல. மனிதர் வேண்டுமென்றே உண்டாக்கும் நெருக்கடியும் அவற்றுள் உண்டு. இதற்கு மறுமொழி ஒன்றே: “வாங்குவோர் பெயர் எழுதாத பொருளுக்கு நான் ஆர்டர் போடுவதில்லை.”

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நேரடி விற்பனைக்கான விதிகள் 2021 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்டன. ஆள் சேர்ப்பதன் மூலமே பணம் புரளும் பிரமிடுத் திட்டங்களை நேரடி விற்பனை என்ற பெயரில் நடத்துவதை அவை தடை செய்கின்றன. நிறுவனம் சார்ந்து விற்போர் அடையாள அட்டையின்றியும், முன் அனுமதியின்றியும் ஒருவர் வீட்டுக்குச் செல்லலாகாது என்றும், தாம் யார், என்ன விற்கிறோம், விலை என்ன, திருப்பிக் கொடுக்கும் வழி என்ன என்பனவற்றை உண்மையாக எடுத்துரைக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது. ஐயம் எழுந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கேட்கலாம். பொருளைப் பற்றிப் பேசாமல், எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறாய் என்று மட்டுமே கேட்கும் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே! உங்கள் முன் இரண்டு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம். திருமண நிகழ்ச்சி இல்லாத நாள்களில், லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்தில், ஜமாஅத் மண்டபத்தின் ஓர் அறையைப் பெண்களின் விற்பனைக் கூட்டத்துக்குத் தந்து உதவினால், வீட்டார் கடைசி நேரத்தில் மறுக்கும் சிக்கல் பெருமளவு தீரும். பைத்துல்மாலிலிருந்து சிறு தொகையை வட்டியில்லாக் கடனாக, மாதத் தவணையில் திருப்பிச் செலுத்தும் வகையில் வழங்கினால், நகை அடகுக் கடையின் படியேறும் பெண்களின் எண்ணிக்கை குறையும். தவணை தவறாமல் வருகிறதா என்பதை எங்களுள் மூத்தவர்களே பொறுப்பேற்றுக் கவனித்துக்கொள்வோம். நாங்கள் தானம் கேட்கவில்லை. உழைத்துத் திருப்பித் தரக்கூடிய கைமாற்றைத்தான் கேட்கிறோம்.

நிறைவாக

சகோதரிகளே! முன்னதாக உறுதி செய்துகொள்ளுங்கள். சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். இயலாததை அன்றே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் யாரையும் நெருக்காதீர்கள். யாரும் உங்களை நெருக்க இடமளிக்காதீர்கள். இடம் தந்த வீடு, விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும், நாம் மறுபடியும் ஸலாம் சொல்லி நுழையக்கூடிய வீடாகவே இருக்க வேண்டும். கூட்டம் கலைந்த நாளில் இழந்ததை அடுத்த வாரம் ஈட்டிவிடலாம். சொல்லில் விழுந்த பழுதைத் தைத்துச் சரிசெய்வது கடினம்.